அடி தெரியும் தண்ணீர்

அரியலூர்
20-10-2002

அன்புள்ள தம்பி அறிவரசனுக்கு அக்கா உண்ணாமலை எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். பேனா நகரமாட்டேன் என்கிறது. இங்கே நலமும் இல்லை, உன் நலத்தை அறிய எனக்கு ஆவலும் இல்லை. கோபம்தான் இருக்கிறது, அதை எழுதிவிடுகிறேன்.

போன புதன்கிழமை நீ இங்கே வந்தாயாம். அதற்கு முந்தின வாரமும் வந்தாயாம். அதற்கும் முன்னால் ஒரு நாள். மூன்று தடவை, தம்பி. பெரம்பலூரில் பஸ் ஏறி, காலனி ஸ்டாப்பில் இறங்கி, எங்கள் வீட்டு ஓடு தெரிகிற தூரத்தில் நடந்து போய், மைன்ஸ் குழி மேட்டில் நின்று போட்டோ பிடித்துவிட்டு வந்த வழியே போயிருக்கிறாய். ஆடு மேய்க்கிற பாவாடை அண்ணன்தான் வந்து சொன்னார். "ஒன் தம்பிய காலையில பாத்தேனே, வூட்டுக்கு வரலியா?" என்றார். "வந்துட்டு இப்பத்தான் போறான்" என்று பொய் சொன்னேன். வேறென்ன சொல்வது?

உன் மாமா காலொடிந்து எட்டு மாதம் ஆகிறது. பதினேழு வருஷம் டிரில்லிங் மிஷினைப் பிடித்த மனுஷன் இப்போது கம்பை ஊன்றி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறார். நீ வருவாய், பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவாய் என்று எதிர்பார்க்கிற ஆள் அவர். அரியலூரைத் தனி ஜில்லா என்று பிரித்தார்கள், ஒரு வருஷம் போனதும் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். சர்க்காருக்கே சேர மனசு வந்தது, உனக்கு வரவில்லை.

அந்தக் குழியில் அப்படி என்னதான் இருக்கிறது? சுண்ணாம்புக்கல் தீர்ந்துபோய் நாலு வருஷத்துக்கு முன்னால் தண்ணி இறைக்கிற பம்பை நிறுத்திவிட்டுப் போனார்கள். மழைத் தண்ணியும் ஊற்றும் சேர்ந்து நிற்கிறது. நாங்கள் மாட்டைக்கூட அங்கே இறக்குவதில்லை. போன தையில் பாவாடை அண்ணனின் இரண்டு ஆடு இறங்கின. மூன்றாம் நாள்தான் மிதந்தன, அதுவும் குழிக்கு அந்தக் கோடியில். அங்கே போகாதே. போனால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ.

உன் அக்கா
உண்ணாமலை


பெரம்பலூர்
3-11-2002

அன்புள்ள அக்காவுக்கு,

காலில் விழுகிறேன், போதுமா? தப்பு என்னுடையதுதான். மூன்று முறையும் பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்துத் திரும்பவேண்டியிருந்தது, ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். மாமாவிடம் சொல். பொங்கலுக்குச் சீர் வரிசையோடு வந்து அவர் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

குழியில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே, அதைச் சொல்கிறேன். திருச்சியில் கடையை மூடின ஒரு ஸ்டுடியோக்காரரிடம் ஒரு ஃபில்டர் வாங்கினேன். போலரைசர் என்று பேர். லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி, அதன் வளையம் தனியாகச் சுற்றும். வெளிச்சம் வரும்போது மேலும் கீழும், பக்கவாட்டிலும், எல்லா வாட்டத்திலும் அதிர்ந்துகொண்டே வருமாம். தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் மட்டும் பெரும்பாலும் படுக்கைவாட்டில் அதிரும். ஜன்னல் கம்பிக்குள் முறத்தை நுழைக்கிற கதைதான். நிமிர்த்திப் பிடித்தால் போகும், படுக்கப் போட்டால் போகாது. வளையத்தைச் சரியான இடத்துக்குத் திருப்பினால் ஃபில்டர் அந்தப் பளபளப்பை மட்டும் நிறுத்திவிடும். தண்ணீர் மேல் கிடக்கிற ஆகாயம் காணாமல் போய் அடி தெரியும்.

அக்கா, சும்மா பார்த்தால் உங்கள் குழி பாதரசம் ஊற்றினதுபோல் கண்ணைக் கூசுகிறது. நான் வளையத்தைத் திருப்பினேன். லாரி இறங்குகிற சரிவுப் பாதை அப்படியே தண்ணீருக்குள் படித்துறைபோல் இறங்கி, அதற்கப்பால் வெள்ளை வெளேரென்று தரை. ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. நீங்கள் எல்லாரும் நடுங்குகிற குழியில் முட்டியளவுத் தண்ணீர்தான்! ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், என் ஃபில்டருக்கு ஆழமே தெரிந்துவிட்டது.

இங்கே முத்துசாமி ஜவுளிக்கடையில் வருஷா வருஷம் காலண்டர் போடுகிறார்கள். "மழையே இல்லாத வருசம் தம்பி, பாத்தா கண்ணு குளுந்து போவணும், அப்புடி ஒரு தண்ணிப் படம் குடு" என்று முதலாளி கேட்டார். சாமி படம் இல்லாமல் முதல் தடவையாக என் படம். கீழே என் ஸ்டுடியோ பெயர்.

ஒரே ஒரு தொல்லை. பாதைக்கு எதிர்ப்பக்க மேட்டிலிருந்து சாய்த்து எடுக்கும்போது படத்தின் கீழ்ப்பக்கம் கன்னங்கரேலென்று ஒரு பட்டை விழுகிறது. வைட் லென்ஸில் இந்த ஃபில்டரைப் போட்டால் ஒரு பக்கம் கூடுதலாகக் கறுக்கும் என்று அதனோடு வந்த தாளிலேயே அச்சடித்திருக்கிறது. மூன்று முறை வந்து எடுத்தும் போகவில்லை. கடைசியில் பிரிண்டில் அந்தப் பட்டையை வெட்டிவிட்டேன். இப்போது படம் முழுக்க வெள்ளைத் தரையும் நீலத் தண்ணீரும்தான்.

அன்புத் தம்பி
அறிவரசன்


அரியலூர்
22-1-2003

அன்புள்ள தம்பிக்கு,

சீர் கொண்டுவந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். மாமா அன்றைக்குப் பார்த்துக் காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனது உன் நேரம். வந்ததும் கரும்பைப் பார்த்துச் சிரித்தார், வேட்டியைப் பார்த்துச் சிரித்தார். காலண்டரைப் பிரித்துக் கொடுத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எந்த ஊரு?" என்றார். "கீழ போட்டிருக்கே, படிங்க" என்றேன். 'வெள்ளைக்குளம், அரியலூர்' என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாசலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது நம்ம குழிடி" என்றார். "மொதப் பெஞ்ச மட்டும் காட்டிருக்கான். மிச்சம் எங்க?"

பெஞ்சாவது மேசையாவது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டால் எரிந்து விழுகிறார். அன்றைக்குப் பொங்கல் சோறுகூட இறங்கவில்லை அவருக்கு. காலண்டரை ஆணியில் மாட்டினேன். மறுநாள் பார்த்தால் படம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருக்கிறது. தேதித் தாளும் அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது அமாவாசை எப்போது, கிருத்திகை எப்போது என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல காலண்டர் கொடுத்தாய்!

யாரடா அந்தப் பேர் வைத்தது? குழிக்குக் குளம் என்று பேர் வைத்தால் குளம் ஆகிவிடுமா? குளம் என்றால் ஜனங்கள் குளிக்க வருவார்கள், தம்பி. அது எனக்கும் நல்லதாகப் படவில்லை. மாமா உன்னிடம் நேரில் பேசவேண்டும் என்கிறார். கடுதாசியில் எழுதச் சொன்னால், "எழுதினா அவனுக்கு வெளங்காது, அவன் கல்யாணம் கூடட்டும், அங்க பாத்துப் பேசிக்கிறேன்" என்கிறார்.

பூலாம்பாடிப் பெண் பேச்சு எந்த மட்டில் இருக்கிறது? எழுது.

உண்ணாமலை


பெரம்பலூர்
5-2-2003

அன்புள்ள அக்காவுக்கு,

பேச்சு முடிந்தது. வைகாசியில் கல்யாணம். பெண் பேர் சசிகலா, பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அப்பா இல்லை, அம்மா பாக்யலட்சுமி தையல் மிஷின் வைத்து இரண்டு பெண்களையும் வளர்த்தவர். நீயும் மாமாவும்தான் எனக்கு அப்பா அம்மா இடத்தில் நிற்கவேண்டும். கால் வலிக்கும் என்று சாக்குச் சொன்னால் கார் வைத்துத் தூக்கி வருவேன்.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். பெண் பார்க்கப் போன வீட்டில் நடுச் சுவரில் என் காலண்டர்! மொத்தம் இரண்டாயிரம் அடித்தார்கள், வேப்பந்தட்டை, பூலாம்பாடி என்று எந்த வீட்டில் நுழைந்தாலும் அதுதான் தொங்குகிறது. என்னைத் தனியாகப் பேசவிட்டார்கள். சசிகலா கேட்ட முதல் கேள்வி, "இந்த எடம் நெசமாவே இருக்கா, இல்ல கம்ப்யூட்டர்ல பண்ணுனதா?" என்னிடம் கேட்கிறாள்! "நெசந்தான், ஆடிப்பெருக்குக்குக் கூட்டிட்டுப் போறேன், கல்யாண மாலையை அங்கயே விட்டுடலாம்" என்றேன். அந்த இடத்திலேயே அவளுக்குச் சம்மதம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பேர் வைத்தது முதலாளி. 'மைன்ஸ் குழி' என்று போட்டால் எவன் மாட்டுவான் என்று கேட்டார், நியாயம்தானே? மாமாவுக்கு அந்தக் குழி மேல் ஏன் இவ்வளவு பயம்? வேலை செய்த இடம் தண்ணீரில் கிடக்கிறதே என்ற வருத்தமாக இருக்கும். நான் கண்ணால் பார்த்தது பொய்யாகுமா?

அறிவரசன்


அரியலூர்
16-6-2003

அறிவரசனுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சசிகலா தங்கமான பெண். அவளுக்காக மட்டும்தான் இந்தக் கடுதாசி, உனக்கு எழுத என் கை கூசுகிறது.

உன் மாமா என்ன தப்பு செய்தார்? பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உன் பக்கத்தில் வந்து, "மாப்ள, அந்தப் படத்துல கீழ கறுப்பா இருந்திருக்கணுமே, அது எங்க?" என்று கேட்டார். ஒரே கேள்வி. "ஃபில்டர் கோளாறு மாமா, வெட்டிட்டேன்" என்றாய். "கோளாறு இல்ல மாப்ள, அது..." என்று அவர் வாயெடுக்கும் முன்னால் நீ என்ன சொன்னாய்? "கல்லு ஒடைக்கிறவருக்கு லென்ஸப் பத்தி என்ன தெரியும்?"

பெண் வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அதைப் பார்த்தாயா? வீட்டுக்கு வந்து கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இனிமே அவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், நீயும் என்னைக் கேக்காத" என்றார். அந்தக் கல்லை உடைத்த கூலியில்தான் உன் முதல் கேமரா வந்தது. நினைவிருக்கிறதா, இல்லை அதையும் வெட்டிவிட்டாயா?

வந்து அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொள். இல்லாவிட்டால் அக்கா வீடு என்று ஒன்று இருக்கிறது என்பதை மறந்துவிடு.

உண்ணாமலை


பெரம்பலூர்
27-6-2003

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சசிகலா கண்ணில் படாமல் கிழித்துப் போட்டேன்.

நான் பேசினது தப்பு. வாய் தவறி வந்துவிட்டது. ஆனால் என் கல்யாணத்தன்று, என் மாமியார் முன்னால், என் தொழிலில் குறை கண்டுபிடித்தது யார்? என் பேர் போட்டு வந்த ஒரே படம் அது, அதில் எதையோ மறைத்துவிட்டேன் என்று பொருள்பட நாலு பேர் கேட்க ஏன் கேட்கவேண்டும்? எனக்கும் ரோஷம் இருக்காதா? முதல் கேமராவைச் சொல்லிக் காட்டிவிட்டாய். இதற்கு மேல் என்ன இருக்கிறது.

எழுதினால் இப்படித்தான் எழுதுவாய் என்றால் எழுதவேண்டாம். வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

அறிவரசன்


அரியலூர்
29-7-2003

தம்பி,

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதை முழுக்கப் படி. உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு மாசத்துக்கு மேல் வாயைத் திறக்காதவர் நேற்றுத்தான் திறந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் வந்தது. வேப்பந்தட்டைப் பக்கத்து ஆட்கள். கொள்ளிடத்தில் வெறும் மணல்தானே கிடக்கிறது, பதினெட்டாம் பெருக்குக்கு எங்கே போவது என்று இடம் பார்க்க வந்திருக்கிறார்கள். கையில் உன் காலண்டர். "வெள்ளைக்குளம் எங்க இருக்கு?" என்று என்னிடமே கேட்டார்கள். மாமா கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். கத்தித் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கமில்லை.

இப்போது அவர் சொல்வது. குழியை ஒரேயடியாக வெட்டமாட்டார்கள். பெரிய பெரிய படியாக வெட்டி இறங்குவார்கள். ஒவ்வொரு படிக்கும் பேர் பெஞ்சு. நீ பார்த்த வெள்ளைத் தரை குழியின் அடி இல்லை, தம்பி. அது முதல் பெஞ்சு. அதன்மேல் முட்டியளவுத் தண்ணீர் நிற்பது உண்மைதான். அதன் அகலம் பன்னிரண்டு அடி. அதற்கப்புறம் செங்குத்தாக இருபத்தைந்து அடி இறக்கம், அங்கே இரண்டாவது பெஞ்சு. அதற்குக் கீழே இன்னும் இரண்டு. ஓரத்துக்கு டிரில் போட்டவர் உன் மாமாதான், அதனால் அளவு தெரியும். ஓரமெல்லாம் பாசி.

உன் படத்தில் கீழே விழுந்த கறுப்பு ஃபில்டரால் வந்ததில்லையாம். பெஞ்சு முடிகிற இடமாம். அதைத்தான் நீ வெட்டிவிட்டாய். மேலே பளபளப்பு இருந்தவரைக்கும் ஜனங்களுக்குப் பயம் இருந்தது. நீ பளபளப்பையும் எடுத்துவிட்டாய், கறுப்பையும் எடுத்துவிட்டாய், முட்டியளவுத் தண்ணீரை மட்டும் இரண்டாயிரம் வீட்டில் மாட்டிவிட்டாய். நம்பிக்கையில்லை என்றால் முழு பிரிண்ட் போட்டுப் பார்.

பாதையை மறித்து மாமா கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார். நாளைக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து ஆள் போடச் சொல்லப் போகிறார். அது நடக்குமோ நடக்காதோ. நீ முத்துசாமி கடையில் சொல்லி வாசலில் போர்டு எழுதி வை. சசிகலாவை இங்கே கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய். கூட்டி வராதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், கூட்டி வராதே.

"கோவத்துல நான் வாய மூடிட்டு இருந்தது எந் தப்பு, அதையும் எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

அக்கா


பெரம்பலூர்
21-8-2003

அக்கா,

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. நீ வந்திருந்தாய், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், என்னால் உன்னிடம் வாய் திறக்க முடியவில்லை. யாரும் இன்னும் என்னை எதுவும் கேட்கவில்லை. கால் வழுக்கிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். என் மாமியார்கூட அப்படித்தான் சொல்கிறார். நடந்ததை நீயாவது தெரிந்துகொள்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் மேஜை டிராயரில் போட்டு மூடினேன். பிரிக்கமாட்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, சொன்னதைச் செய்யவேண்டும் என்று வீம்பு. சனிக்கிழமை பூலாம்பாடிக்குப் போய்விட்டேன், ஆடிக்கு அவள் அங்கேதானே இருந்தாள். நீ பூத்திலிருந்து ஸ்டுடியோவுக்கு நாலு தடவை போன் செய்தாயாம். பூட்டின கடையில் யார் எடுப்பது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு வந்து இறங்கினோம். நான், சசிகலா, அவள் அம்மா, தங்கச்சி. பாதையில் முள் கிடந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் போட்டது என்று நினைத்தேன். நானே இழுத்துப் போட்டேன், உள்ளங்கையில் இரண்டு முள் ஏறியது, அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். மாமா அப்போது தலையாரியைக் கூப்பிடப் போயிருந்தாராம். அவர் அங்கே உட்கார்ந்திருந்தால் மட்டும் நான் கேட்டிருப்பேனா? அதுவும் தெரியவில்லை.

அவள் அம்மாவும் தங்கச்சியும் மேட்டிலேயே படையல் வைத்துக்கொண்டிருக்க, சசிகலா மாலையை விட்டாள். அது அப்படியே அவள் முன்னாலேயே மிதந்தது. "நில்லு, ஒரு படம்" என்றேன். முட்டியளவுத் தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். வளையத்தைத் திருப்பினேன். பளபளப்பு போய் அவள் பாதம், மெட்டி, தரை எல்லாம் தெரிந்தது. அவளுக்குக் கொஞ்சம் பின்னால் அந்தக் கறுப்பு. சனியன் இங்கேயும் வந்துவிட்டதா என்று எரிச்சல்தான் வந்தது, அக்கா. வளையத்தை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன், போகவில்லை. அவள் கொஞ்சம் பின்னால் நின்றால் கறுப்பு புடவைக்குப் பின்னால் மறைந்துவிடும் என்று தோன்றியது.

"ரெண்டு அடி பின்னால போ சசி" என்றேன். "ஆழம் இல்லையே?" என்று கேட்டாள். "முட்டிதான். எனக்கு இங்கேருந்து அடி தெரியுது, நீ போ" என்றேன்.

கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்கவில்லை. ஒரு அடி வைத்தாள். அடுத்ததில் அவள் இல்லை. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. ஓரம்வரைக்கும் போய்விட்டேன், அங்கே அவள் தங்கச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள், ஏன் இழுத்தாள் என்று இன்னும் இருக்கிறது.

தீயணைப்புக்காரர்கள் வந்து ஒரு மணி நேரம் எங்கெங்கோ தேடினார்கள். மாமாதான் கம்பை நீட்டி, "அந்த மூலையில பாருங்க, ரெண்டாவது பெஞ்சுல இருக்கும் புள்ள" என்றார். அங்கேதான் இருந்தாள்.

நேற்றுத்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

அக்கா, ஒரு உதவி. அந்த மூன்று தடவையும் எடுத்த படங்களை வெட்டாமல் பெரிதாகப் போட்டு இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். மூன்றிலும் பட்டை ஒரே இடத்தில், ஒரே கல்லுக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. ஃபில்டர் கோளாறு என்றால் வெளிச்சத்துக்குத் தக்கபடி இடம் மாறியிருக்கும், அது எனக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும். ஆனாலும் வைட் லென்ஸில் கறுக்கும் என்று தாளில் போட்டிருப்பது உண்மை. கொஞ்சமாவது அதனாலும் வந்திருக்கலாம் இல்லையா? மாமாவிடம் படங்களைக் கொடு. ஃபில்டராலும் வந்திருக்கலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குத் தூங்கவேண்டும்.

அறிவு


அரியலூர்
31-8-2003

தம்பி அறிவுக்கு,

சாப்பிடுகிறாயா? பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிடு.

காலனியில் எல்லாரும் கேட்கிறார்கள். கால் வழுக்கியது என்றுதான் நானும் சொல்கிறேன். நீ எழுதினதை மாமாவுக்கு மட்டும் படித்துக் காட்டினேன். அழுதார். இருபது வருஷத்தில் இரண்டாம் தடவை பார்க்கிறேன்.

இதையும் தெரிந்துகொள். நேற்று மறுபடி ஒரு வேன் வந்தது. ஒரு பெண் செத்துப்போன இடம் என்று சொன்னேன். "அது வேற குழியா இருக்கும்மா, நாங்க தேடுறது வெள்ளைக்குளம்" என்று காலண்டரைக் காட்டுகிறார்கள். மாமா காலையிலிருந்து பாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். முள்ளை எத்தனை தடவை போட்டாலும் யாராவது இழுத்துப் போடுகிறார்கள். மார்கழிவரைக்கும் அந்தப் படம் சுவரில் இருக்குமே, தம்பி. முத்துசாமியிடம் எந்தெந்த ஊருக்குக் கொடுத்தார் என்று கேட்டு எழுதி வாங்கு. வீடு வீடாகப் போகலாம். நீ வெளியே நில், நான் உள்ளே போய்க் கழற்றிக்கொண்டு வருகிறேன். பூலாம்பாடியில் அந்த வீட்டுக்கும் நானே போகிறேன்.

நீ கேட்டது. மூன்று படத்தையும் தரையில் வரிசையாக வைத்துக் குனிந்து பார்த்தார். கறுப்பின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வரிசை இருக்கிறது, எனக்குத் தூசி என்று பட்டது. நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "பதினாலு. நான் போட்ட தொளை" என்றார். அதற்கப்புறம் படங்களை அடுக்கிக் கவருக்குள் வைத்துவிட்டார்.

"தம்பிக்கு என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன். சோறு போடச் சொன்னார். சாப்பிட்ட பிறகு கேட்டேன், கம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். இன்றைக்குக் காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "கேட்டுட்டே இருக்கானே புள்ள, என்னதான் எழுதட்டும்?" என்றேன்.

"ஃபில்டராலதான்னு எழுதிடு" என்றார்.

"அப்ப அந்தப் பதினாலு?" என்றேன்.

"எழுதுடி" என்றார்.

ஃபில்டரால்தான், தம்பி.

அக்கா